எட்டு நாற்பதுக்குப் பிறந்த பிள்ளை

மாமல்லபுரம் பக்கம் ஓடும் ஆம்புலன்ஸில் ஆறு வருடமாக மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். இரவு டூட்டி காலை எட்டு மணிக்கு முடிய வேண்டும். ஆனால் ஏழே முக்காலுக்கு அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியுமா? போவோம். திரும்பப் பத்தாகும், பதினொன்றாகும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்டபோது கம்பெனி மேலாளர், "எட்டுக்கு மேல நீங்களா இஷ்டப்பட்டு இருந்தீங்க. இது சேவைம்மா" என்றார்.

அந்தப் பேச்சுதான் எங்களைச் செங்கல்பட்டில் தொழிலாளர் அலுவலகப் படி ஏற வைத்தது. பதினொரு பேர் மனுவில் கையெழுத்துப் போட்டோம். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

விசாரணையில் மேலாளர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். எல்லாரும் எட்டு மணிக்கே வெளியேறியதாக அதில் இருந்தது. டூட்டிக்கு வரும்போதே வெளியேறும் கையெழுத்தையும் வாங்கிவிடுவார்கள். "எட்டுக்கு மேல வேலை செஞ்சதுக்கு என்ன ஆதாரம்?" என்று அதிகாரி கேட்டார்.

என் வண்டியை ஓட்டும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் ஆதாரம்? பேஷண்ட நடுரோட்டுல வுட்டுட்டு வூட்டுக்குப் போவ சொல்றியா?"

அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு ஒரு பிரசவம் நினைவுக்கு வந்தது.

இரவு டூட்டி முடியும் நேரத்தில், திருப்போரூர் தாண்டி ஒரு கிராமத்தில் ஏற்றிய பெண் அவள். ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை. செங்கல்பட்டுச் சாலையில் வண்டியை ஓரங்கட்டினோம். கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தது பிள்ளை. கொடியை விலக்கினேன், முதுகைத் தேய்த்தேன், அழவில்லை. சின்ன முகமூடியை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தி மூச்சு கொடுத்தேன். வீறிட்டு அழுதது. பிறந்த நேரத்தைக் காலை எட்டு நாற்பது என்று எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பதிவிலும் அதுவே ஏறியது.

இதைச் சொன்னதும் ஆதாரத்தோடு வரச் சொல்லி அதிகாரி இன்னொரு தேதி கொடுத்தார். அந்தப் பெண்ணைத் தேடிப் போய் ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் மட்டும்தான் கேட்டேன்.

"பேப்பரு இன்னாத்துக்குக்கா? நானே வரேன்" என்றாள்.

அந்தத் தேதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்கு வந்தாள். சீட்டை மேசைமேல் வைத்தாள். "எட்டு நாப்பதுக்குப் பொறந்துச்சு சார். இந்தக்கா எட்டுக்கே கெளம்பிப் போயிருந்தா எம்புள்ள ஏது?"

நான் அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், முடியவில்லை. என் வேலை என்னவென்று என் முன்னாலேயே ஒருத்தி சொல்லக் கேட்டது அன்றுதான்.

எல்லா அழைப்புகளுக்கும் நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த நேரப் பதிவைக் கொண்டுவரும்படி அதிகாரி மேலாளருக்கு உத்தரவிட்டார். சில மாதங்களில் முடிவு வந்தது: நோயாளியை ஒப்படைத்து வண்டி திரும்பும்வரை டூட்டி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பழைய பாக்கியில் ஒரு வருடத்துக்குத்தான் கிடைத்தது. அந்த வருத்தம் இருக்கிறது.

போன வாரம் அச்சரப்பாக்கத்திலிருந்து, வேறு கம்பெனி ஆம்புலன்ஸில் வேலை செய்யும் ஒரு பெண் போன் செய்தாள். "மனு எப்டிக்கா எழுதனீங்க?" என்று கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.