பதினான்காம் எண் தலைவர்

இசைவாணி ஊராட்சித் தலைவரானபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே பூவாளக்குடி. அந்த ஊரில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவளுடைய அப்பா ஐயாவு பண்ணை வேலை பார்த்தே கிழடானவர். ஐப்பசி மழையில் செத்துப்போனார். சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைத் தாண்டி, நிலக்காரர் துரைராசுவின் சம்பா வயலுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சறுக்கி விழ, பாடை சேற்றில் சாய்ந்தது. தேர்தலில் அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அந்தப் பாதையைப் போட்டுவிடுகிறேன்.

ஒன்றிய அலுவலகம் பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். கொத்தனார் வேலை பார்த்த அவள் கணவர் பகலவன், அன்றைய வேலையை விட்டுவிட்டு வண்டியில் கொண்டுபோய் விடுவார். உள்ளே வரமாட்டார், வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். ஒருநாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க உள்ளே வந்தவரிடம் இன்ஜினியர் வரைபடத்தை நீட்டி விளக்க ஆரம்பித்தார். பகலவன் வாங்கவில்லை.

"தலைவர் அவங்கதான் சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

துரைராசுவின் வீட்டுக்கு அவள் எத்தனை முறை நடந்தாளோ, கணக்கில்லை. முதலில் அவர் பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் வருஷம் மனசு இறங்கி, வரப்பை ஒட்டி எட்டடி அகலம் விடுவதாகக் கையெழுத்துப் போட்டார். கிராம சபையில் தீர்மானம் ஆயிற்று. கோப்பு நில அளவைக்குப் போனது, போன இடத்திலேயே படுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் அனுராதா வந்தாள். சென்னையில் அரசியல் அறிவியல் ஆராய்ச்சி செய்பவள், ஒதுக்கீட்டில் ஜெயித்த பெண் தலைவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கூடவே சுற்றினாள். அலுவலகத்துக்கு யாரோடு போகிறீர்கள், யார் அழைத்துப் போகிறார்கள், அதிகாரிகள் யாரிடம் பேசுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இசைவாணி எதையும் மறைக்கவில்லை. வரைபடம் நீட்டிய கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வருஷம் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கு. இசைவாணியையும் கூப்பிட்டிருந்தார்கள். தமிழில் அச்சடித்த அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். பதினான்காம் எண்ணில் அவள் கண் நின்றது. கணவர் கொத்தனார். எல்லா அலுவலகப் பயணங்களிலும் கணவர் உடனிருக்கிறார். அதிகாரி கணவரிடமே பேசுகிறார். முடிவில் ஒரு வரி: பெயரளவுத் தலைவர்.

அவள் பக்கத்தை மூடி, தாளைப் பைக்குள் வைத்தாள். வெளியே வண்டியோடு நின்ற பகலவன் ஆசையாகக் கேட்டார்.

"நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"நல்லாத்தாங்க எழுதியிருக்காங்க" என்றாள்.

அதை அவர் ஒரு மாதம் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். பாதைக் கோப்பைப் பற்றிக் கேட்டதற்கு, புதுத் தலைவர் வந்ததும் பார்க்கலாம் என்றார்.

அடுத்த கார்த்திகையில், சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த பகலவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான்கு நாளாக விடாத மழை. வாய்க்கால் ததும்பியது. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம், இசைவாணி திரும்பவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாடைக்குப் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

எதிர்க்கரையில் துரைராசு குடையில்லாமல் நின்றார். வரப்பு உடைந்து கிடந்தது. தூக்கி வந்தவர்கள் பயிரில் கால் வைக்கத் தயங்கினார்கள்.

"பயிர் போனாப் போவுது. நடங்கய்யா" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நான் கையெழுத்துப் போட்டுட்டனேம்மா" என்றார்.

பத்து நாள் கழித்து அனுராதா போனில் அழைத்தாள். துக்கம் கேட்டுவிட்டு, பகலவன் தன்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதை நினைவுபடுத்திப் பேசினாள். இசைவாணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், பதினாலாம் நம்பர் நான்தானே?"

"ஆமா" என்றாள் அனுராதா.

"அவரு உள்ள வரவே மாட்டாரு மேடம். நீங்க கூடவே இருந்து பாத்தீங்க."

எல்லாத் தலைவர்களுக்கும் அதே கேள்விகள், அதே அளவுகோல் என்று அனுராதா சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தப்பு தன்னுடையதுதான், புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன் என்றாள். இசைவாணிக்குக் கோபம் வரவில்லை.

"திருத்துங்க மேடம். எனக்காக இல்ல. அவர் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். அது உண்மையாயிட்டா போதும்."

தை பிறந்ததும் மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். பதவி என்று கேட்ட இடத்தை வெறுமையாக விட்டாள். மனுவை வாங்கி எண் போட்டு ரசீது கொடுத்தார்கள். நில அளவைக்கு இன்னும் யாரும் வரவில்லை. அறுவடை முடிந்த துரைராசுவின் வயலில், அன்று அவர்கள் நடந்த இடத்தில் மட்டும் நெல் தாள்கள் இல்லாமல் ஒரு ஆள் அகலத்துக்குத் தரை தெரிகிறது.