சுவரில் முளைத்த ரேகை

கைரேகைப் பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மங்கிய ரேகைப் படங்களைக் கணினியில் துலக்குவதுதான் பதினேழு வருட வேலை.

ஒரு வீட்டில் திருட்டு. பீரோக் கதவில் ஒற்றை விரல் பதிந்திருந்தது. கதவின் பூ டிசைன் ரேகையை மறைத்தது. ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்த அந்த டிசைனை மட்டும் கணினியில் பிரித்து நீக்கினாள். மேல்பாதி தெளிந்தது. கீழ்ப்பாதி விரல் இழுபட்ட வெறும் தீற்றல். போலீஸ் பிடித்துவைத்திருந்த குழாய் ரிப்பேர்காரரின் ரேகையோடு ஒப்பிட்டாள். நான்கு இடங்கள்தான் ஒத்துப்போயின. 'இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

விசாரணை அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். "கீழ்ப்பாதியையும் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாருங்கம்மா. கோடு வரும்."

"வரும் சார். இல்லாத கோடும் வரும்."

"உங்களுக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"படத்தைத் துலக்கத்தான் எனக்குச் சம்பளம். வரையறதுக்கு இல்ல."

அவர் வேறொருவரிடம் போனார். அந்த ஆள் மென்பொருளை உச்சத்தில் வைத்து ஓட்டியதில், தீற்றலில் பளிச்சென்று ரேகை முளைத்தது. பதினொரு இடங்கள் ஒத்துப்போவதாக அறிக்கையும் வந்தது.

அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார் குழாய்காரரின் வக்கீல். "மேலதிகாரிங்களப் பகைச்சுக்கணுமா?" என்றார் தையற்காரரான கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

"அளவு எடுக்காம சட்டை தைப்பீங்களா? நானும் அப்படித்தான்."

நீதிமன்றத்தில் அவள் ஒரு படத்தைத் திரையில் போட்டாள். வெறும் சாம்பல் நிறப் புள்ளிகள். அதே மென்பொருளை அதே அளவில் ஓட்டினாள். புள்ளிகள் கோடுகளாகச் சேர்ந்தன; கோடுகள் வளைந்தன. அச்சு அசலாக விரல் ரேகை.

"இது யாரோட ரேகைம்மா?" என்றார் நீதிபதி.

"யாரோடதும் இல்லைங்க ஐயா. எங்க ஆபீஸ் சுவரோட போட்டோ. அந்த அறிக்கையில இருக்கற கீழ்ப்பாதியும் இப்படி வந்ததுதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அந்த அறிக்கையை ஏற்க முடியாதென்று தள்ளினார்; வேறு சாட்சியம் இல்லாததால் குழாய்காரர் விடுதலையானார். வாசலில் அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுவாரமே அவளைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று போட்டிருந்தது. எழுத்தர் தயங்கி, "கையெழுத்துப் போட்டுடுங்கக்கா, வம்பு வேண்டாம்" என்றார்.

அவள் பேனாவை வாங்கினாள். அந்த மூன்று சொற்களையும் அழுத்தமாக அடித்தாள். மேலே 'என் விருப்பம் இல்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட்டாள். "இதுல ஒரு நகல் எனக்கு வேணும்" என்றாள்.