இருக்கான்னு எழுதுங்க

வீடு வீடாகப் போய் ஏழ்மையைக் கணக்கெடுப்பது கேள்வி கேட்கும் வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பதிலைக் கேட்கத் தெரியவேண்டிய வேலை அது. என்னைப் போலவே படிவம் சுமந்து மேடேறிய கணக்கெடுப்பாளர்களான உங்களுக்கு இது புதிதல்ல.

முதல் பெயர்

தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று லெட்சுமியின் வீடு. அவர் கொழுந்து பறிப்பவர். படுக்கையில் மாமியார், பள்ளிக்குப் போகும் மகள் மீனா. சம்பாதிக்க ஒருவர், சாப்பிட மூவர். கணவரைக் கேட்டேன். "அவரு இல்ல சார்" என்றார். இறந்துவிட்டார் என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்பவர்களைச் சொல்லச் சொன்னபோது முதலில் வந்த பெயர் மகன் முருகன். சிங்கப்பூருக்குப் போய் நாலு வருடம். பணமும் வரவில்லை, போனும் வரவில்லை. போகும்போது அவன் சொன்ன சம்பளத்தை மட்டும் அம்மா மறக்காமல் சொன்னார். அப்படியானால் மகன் வீட்டில் இல்லைதானே என்றேன். முகம் மாறிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். இருக்கான்னு எழுதுங்க லா."

தானா ராத்தா அலுவலகம்

நெடுநாள் வெளியூரில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. தெரிந்தும், லெட்சுமி சொன்னபடியே முருகனையும் அவன் சம்பளத்தையும் எழுதியிருந்தேன். சிங்கப்பூர்ச் சம்பளம் சேர்ந்ததும் அந்தக் குடும்பம் வறுமைக் கோட்டைத் தாண்டிவிட்டது. உதவிப் பட்டியலில் பெயர் வரவில்லை. மீனா டவுன் பள்ளியில் நான்காம் படிவ வகுப்பில் படிக்க நம்பியிருந்தது அந்த உதவியைத்தான். தானா ராத்தா டவுன் அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் சாந்தியிடம் முறையிட்டேன். திருத்தத் தாளை நீட்டினார்.

"நீங்க எழுதினதுதானே அண்ணே. மகன் இருந்தா சம்பளமும் இருக்கும்லா."

ஒரு சொல்

திருத்தத் தாளில் முருகன் பெயருக்கு நேரே 'தியாடா' என்று மலாயில் எழுதி, அம்மா கையெழுத்திட வேண்டும். இல்லை என்று பொருள். செத்தவரையும் மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம் என விளக்கிப் பார்த்தேன். லெட்சுமி பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினார்.

"பெத்தவ கையால அத எழுதித்தான் உதவி வரணும்னா, வேணாம் சார்."

கியா பார்ம்

பள்ளி திறந்த மாதம். கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி கடையில் மீனா வேலைக்கு நின்றாள், காலில் பள்ளிச் சப்பாத்து. படிப்பை விசாரித்தேன். பழம் அடுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"அண்ணன் வரட்டும், அப்புறம் போலாம்னு அம்மா சொல்லியிருக்காங்க சார்."

அரசாங்கக் கணக்கில் இன்றும் அது வசதியான குடும்பம். படிவத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது, அழகாகத்தான் இருக்கிறது.