மண்ணூர் மண்டபத்துக்கு வந்த சினிமா ஆர்கன்

கம்பிரசர் மெக்கானிக்கின் வேலை இரண்டே இரண்டுதான்: காற்று வரவில்லை என்றால் ஓடுவது, வந்த காற்று வீணாகிறது என்றால் ஓடுவது. ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவே பதினைந்து வருஷமாக நான் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். 'லைன் நின்னுபோச்சு, உடனே வாங்க' என்ற போனுக்காக, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு என் பாடு தெரியும். ஆனால் இப்போது சொல்லப்போவது நீங்கள் பட்டிராத பாடு.

எந்தக் கம்பெனி?

"ஏர் லீக்கு சார்" என்றது போன். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். "கம்பெனி இல்ல. மண்ணூர்ல மண்டபம்." கல்யாண மண்டபத்தில் காற்றுக்கு என்ன வேலை? அதைத் தெரிந்துகொள்ளவே வண்டியை எடுத்தேன்.

கூப்பிட்டவர் ஜெயசீலன். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரில் மண்டபம் கட்டியிருந்தார். பந்தி மேஜைகள் முழுக்கக் கம்பளி சுற்றிய குழாய்கள். நானூற்றுச் சொச்சம் இருக்கும். பென்சில் அளவு ஈயக் குழாயும் இருந்தது, பதினாறு அடி மரக் குழாயும் இருந்தது. ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசைக் கட்டைகள். அவற்றைச் சுற்றி லாடம் போல வளைந்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு வில்லைகள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சத்தத்தைத் திறக்கும். அந்தக் காலத்தில் தியேட்டரில் ஊமைப் படம் ஓடும்போது வாசித்த பைப் ஆர்கன் என்றார் ஜெயசீலன்.

வாட்ச்மேன் எல்லப்பன் என்னை ஓரமாக இழுத்தார். "இன்னா சார் இது, மண்டபத்துல ரெண்டே பாத்ரூம்தான் கீது, இத்தினி பைப்பு எதுக்குன்னு நீயாவது கேளு."

பென்சிலில் எழுதியவர்

அதன் கதையை ஜெயசீலன் டீ குடித்துக்கொண்டே சொன்னார். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டர். படம் பேச ஆரம்பித்ததும் இதற்கு வேலை போயிற்று. தியேட்டரை இடிக்கும் முன் ஒரு பள்ளிக்கூடம் கழற்றிக்கொண்டு போய்த் தன் ஹாலில் மாட்டியது. கப்பல் ரிப்பேருக்கு நின்ற சமயத்தில் அங்கே இவர் ஒரு சாயங்காலம் கேட்டிருக்கிறார். ஊர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், ஆசை விடவில்லை. பள்ளி அதை விற்கப்போவதாகத் தெரிந்ததும் வாங்கி, கன்டெய்னரில் ஏற்றிவிட்டார்.

பேசிக்கொண்டே, குழாய்களை நிறுத்த வேண்டிய மரப்பெட்டியின் மூடியைத் திறந்தோம். உள்பக்கம் பென்சிலில், கோணல்மாணலான ஆங்கிலத்தில் ஒரு வரி: 'இந்த மூலை எப்போதும் கசியும்.' யாரோ என் மாதிரி ஒருவன் அலுத்துப்போய் எழுதியது. தடவிப் பார்த்தேன். விரிசல் அதே மூலையில்தான்.

ஜெயசீலன் சிரித்தார். "முருகேசன், உங்க ஆளு அங்கயும் ஒருத்தர் இருந்திருக்காரு."

பத்து அங்குலம்

"பிரஷர் எவ்வளவு சார்?" என்றேன். "பத்து அங்குலம்." குழாயின் அகலத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பத்து அங்குலம் தூக்கும் காற்று, அவ்வளவுதான். எங்கள் கம்பெனிகளில் ஓடும் ஏழு பார் அழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. இதற்கா என்னைக் கூப்பிட்டீர்கள் என்று சிரித்துவிட்டேன்.

ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார், கசிவைக் காட்டிய முதல் ஓட்டத்திலேயே எரிந்து, அப்போது ஸ்ரீபெரும்புதூரில் காயில் கட்டக் கொடுத்திருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் என் சின்னக் கம்பிரசரைக் கொண்டுவந்து மாட்டினேன். "வேண்டாமே" என்றார் அவர். "கொஞ்சம்தான் சார்" என்று ரெகுலேட்டரைத் திருகினேன். கம்பிரசர் மானியின் முள் அசையவில்லை. இன்னும் ஒரு சுற்று. காற்றைச் சேர்த்துவைக்கும் கட்டில் அளவுத் தோல் துருத்தி விசுக்கென்று எழும்பியது. டப்பென்று ஒரு சத்தம். தோல் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

திறப்பு விழா நோட்டீஸ் அதற்குள் ஊரெல்லாம் போயிருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. கிழிசலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எத்தனை பேர் கை மாறி, கிழியாம வந்துச்சு முருகேசன்."

செருப்புக் கம்பெனி கை

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி முத்துமாரி இருங்காட்டுக்கோட்டை ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறாள். விஷயத்தைக் கறந்துவிட்டு, "ஏங்க, தோல்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போனேன். கிழிந்த துண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, "செம்மறித்தோல். நம்ம உள் லைனிங் மாதிரிதான், இன்னும் மெலிசு" என்றாள். வேப்பேரிப் பக்கம் அலைந்து அதே கனத்தில் தோல் வாங்கினோம். ஒட்டு தடிக்காமல் இருக்க ஓரங்களைக் காகிதம் போலச் சீவினாள். நான் கடைப் பசையை நீட்டினால், "நாளைக்குப் பிரிக்கணும்னா இது வராது" என்று தள்ளிவிட்டு, தச்சர்கள் போடும் வஜ்ஜிரப் பசையை உருக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிறும் அதே வேலை; மரப்பெட்டியின் கசியும் மூலைக்கும் ஒரு துண்டு ஒட்டினாள். உருக்கிக் கொடுத்ததும் துணி நனைத்துக் கொடுத்ததும்தான் நான்.

"தாங்குமாம்மா?" என்றார் ஜெயசீலன். முத்துமாரி நிமிரவில்லை. "எங்க லைன்ல ஷூவை மடக்கி மடக்கி ஆயுசையே எடுத்துப் பாப்பாங்க சார், இது சும்மா மூச்சுதான விடப்போகுது."

திறப்பு விழா

மோட்டார் வந்து ஓட விட்டால் தண்ணீர் நாலு அங்குலத்தில் நின்றது. ஒட்டு பிரிந்துவிட்டதோ என்று துருத்தியைச் சுற்றி வந்தேன். பிறகுதான் பார்த்தேன், காற்று ஊதும் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன். பத்து அங்குலம், மயிரிழை பிசகவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். துளி காற்று இல்லை.

விழாவன்று ஊர்க்காரர்களும் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்துவிட்டது. ஜெயசீலன் குதிரைக் குளம்படி, ரயில் விசில், பறவைச் சத்தம் என்று ஒவ்வொரு வில்லையாகத் தட்டிக் காட்டினார். பாட்டு தொடங்கியபோது ஒரு சுரம் மட்டும் பிடித்துக்கொண்டது. கையை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தது. மேடைக்குப் பின்னால் குழாய்களை நிறுத்தியிருந்த அறைக்குள் ஓடி, ஊதுகிற குழாயைக் கையால் தேடி உருவினேன். நின்றது. அவர் நிறுத்தாமல் வாசித்தார். நானூறு குழாய்க்கு நடுவில், நெஞ்சுக்கூடு அதிர, அந்தப் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன்.

தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தேன். வாசலோரம் நின்ற திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, நீங்க வெளிய வந்துட்டீங்க, உள்ள இன்னும் எத்தன பேரு இருந்து வாசிக்காங்க?"

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு முத்துமாரியும் நானும் மண்ணூர் போகிறோம்: அவள் மெக்கானிக், நான் பை தூக்குகிறவன்.