பனங்காடையின் நீலம்

என் தங்கச்சி ஒரு பனங்காடை வளர்த்தாள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட எங்கள் கொல்லையோரம் பனைமரத்திலிருந்து விழுந்த குஞ்சு. சும்மா உட்கார்ந்திருந்தால் மண் நிறம். சிறகை விரித்தால் அத்தனை நீலம். கொல்லையில் பூச்சி பொறுக்கி அதற்கு ஊட்டுவதுதான் அவள் வேலை. பூச்சிமருந்து அடித்த வாரத்திலும் ஊட்டினாள்.

காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். பால் தெளித்த மறுநாள் பனங்காடையும் நடுங்கி நடுங்கிச் செத்தது. அதைப் புதைக்க நான் விடவில்லை. மெட்ராஸில் ஒரு மியூசியத்தில் அட்டெண்டராக இருந்த சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடுடா. எங்க மியூசியத்துல வச்சா எப்பவும் இருக்கும்."

"றெக்கை விரிச்சுதான வைப்பாங்க?"

"அதெல்லாம் ஜோரா வைப்பாங்க."

ஐஸ் டப்பாவில் போட்டு எடுத்துப்போனார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மனசில் இருப்பதைப் பேச அப்போதே எனக்கு வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலம் விரிந்து நிற்பதை மட்டும் தினமும் நினைத்துக்கொள்வேன்.

பெரிய லீவில் சித்தப்பா கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிகளையெல்லாம் தாண்டி, பாச்சை உருண்டை வாசனை அடிக்கும் பின்னறையில் ஒரு இழுப்பறையை இழுத்தார். வரிசையாகப் பறவைகள், மல்லாக்க. எங்கள் பனங்காடையின் கண்ணில் பஞ்சு. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி ஒரு சீட்டு. சிறகு மூடியிருந்தது. தங்கச்சிக்கும் மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல்களை இப்படித்தான் கட்டினார்கள்.

நான் அழுதேன். அங்கே வேலையாக இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "வெளிச்சம் பட்டா கலர் போயிடும்பா. இப்படி இருந்தா ரொம்ப வருஷம் கழிச்சும் யாராவது வந்து பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க" என்றார்.

"செத்ததுகிட்ட இன்னா தெரிஞ்சுக்கிறது?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"எனக்கு இன்னாடா தெரியும்? நான் கதவு தொறக்கிறவன். வா, பஸ் போயிடும்."

இப்போது திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். மலையைச் சுற்றிப் பறவை பார்க்க வந்து தங்கிய ஒரு பெண், வெந்நீர் கொண்டுபோனபோது, கேட்காமலே சொன்னாள். பழைய பறவைகளின் இறகில் துணுக்கு எடுத்து, அந்தக் காலத்தில் அவற்றின் உடம்பில் என்ன விஷம் ஏறியிருந்தது என்று பார்க்கிறார்களாம். அதை வைத்துத்தான் மிச்சமிருக்கும் பறவைகளைக் காப்பாற்ற வழி தேடுகிறார்களாம். கீழ்பென்னாத்தூர் பனங்காடை ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "வாளியை இங்க வச்சிடட்டுங்களா" என்றுதான் வந்தது.

பனங்காடை எதனால் செத்தது என்று கேட்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். அதே கொல்லையில் பூச்சி பொறுக்கிய தங்கச்சிக்கு என்ன காய்ச்சல் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. சிறகை ஏன் மூடி வைத்தார்கள் என்றே அழுதுகொண்டிருந்தேன்.