கிரியை செய்யாத செத்தவீடு

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன்.

யுத்தத்தில் மகளைப் பறிகொடுத்தபின் என் மனுசன் கடவுளை நம்புவதை விட்டுவிட்டார். நான் விளக்கேற்றிக் கும்பிடுவதை அவர் ஒருநாளும் மறித்ததில்லை. சாகுமுன், "எனக்குக் கிரியை வேண்டாமப்பா" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

தர்மபுரத்தில் செத்தவீட்டன்று, கிரியைக்குச் சுண்ணப்பொடி இடிக்கவென்று அவருடைய தமையன் உரலைக் கொண்டுவந்து இறக்கினார்.

"வேண்டாம் அத்தான். அவர் சொன்னவர்."

"அவனுக்கு விசர். செத்தவனுக்கு இனி என்ன தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமெல்லே. அவர் நினைச்சதிலை நாங்கள் கை வைக்கக்கூடாது."

உரலைத் தூக்கிக்கொண்டு போனவர் பிறகு எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. ஒரு மந்திரமும் இல்லாமல் என் மனுசனை அனுப்பினேன். எங்கே தவிக்கிறாரோ என்று சாமியறையில் நின்று இன்றும் அழுகிறேன்.

இதை யாருக்குச் சொன்னாலும் உள்ளபடி சொல்லுங்கோ. கடைசியில் அவர் கடவுளைக் கூப்பிட்டவர் என்று, என்மேல் இரக்கப்பட்டும் சேர்த்துவிடாதேங்கோ.