ஷட்டரை இறக்கினால் புடவை

இன்று மதியம் காந்தி ரோட்டில் ஒரு கடையை மூடுவதைப் பார்க்கக் கூட்டம் நின்றது. நானும் நின்றேன்.

சின்னப் பட்டுக்கடைதான். ஷட்டரை இறக்க இறக்க, முதலில் ஜரிகை மயில்களோடு முந்தானை வருகிறது. பின்னாலேயே அரக்கு உடல், இரண்டு ஓரமும் பச்சை பார்டர். தகரத்தின் வரிகளையே புடவை மடிப்பாக்கிவிட்டார், போர்டு எழுதும் பெயிண்டர். கடைப் பெயர்கூட எழுதவில்லை, என்ன தைரியம்!

என் செல்போன் கேமராவில் அந்த அரக்கு நிறம் அப்படியே விழவே இல்லை.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவ இதான் வோணும். மூடிக்கினு போறியே, எடுத்துக் காட்டு."

"இது கடையில இல்லம்மா. பெயிண்டரு மனசுல வந்தத போட்டுட்டாரு."

"அப்போ இத பாத்து நெய்யச் சொல்லு."

கடைக்காரர் ஷட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சரிம்மா. நாளைக்கே தறிக்காரர இட்டாந்து இதுக்கு எதிர்ல ஒக்கார வெக்கிறேன்."

சரக்குக்கு விளம்பரம் பார்த்திருக்கிறேன். விளம்பரத்துக்குச் சரக்கு இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரே சந்தேகம். தறிக்காரர் டிசைனைப் பார்த்து முடிக்கும் வரை கடையைத் திறக்கவே முடியாதே, கடைக்காரரிடம் யார் சொல்வது?